நெல் மண்டிக்கு நான் எழுதிய பச்சைப் பட்டை

நேற்று போனில் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை எட்டிப் பார்த்தது. நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் மறைந்துவிட்டது. பதிவானதா இல்லையா? இந்தப் பட்டையோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு, சொல்கிறேன் கேளுங்கள்.

செஞ்சியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீஸ், மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. புண்ணாக்கு வாசனையில்தான் புரோகிராம் எழுதப் பழகினேன். ஒரு நெல் மண்டிக்காகத் தனியாளாக ஓர் இணையதளம் செய்தேன். விவசாயிகள் அதில் பெயர் பதிந்தால் வரிசைப்படி மூட்டை இறக்கலாம். அதில் குறையே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து செல்வி என்ற விவசாயி படியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாங்க உங்க கம்ப்யூட்டரு? நாலு வாட்டி அமுக்கினேன், ஊமையாட்டம் இருக்குது. மண்டியில கேட்டா நான் கடைசின்றாங்க. நெல்லு களத்துல கிடக்குது, மழை இருட்டிக்கினு வருது."

பார்த்தேன். பதிவானதும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதில் வராததால் அவர் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். அழுத்தும்போதெல்லாம் பழைய பதிவு அழிந்து, புதியது வரிசையின் கடைசியில் சேர்ந்திருக்கிறது. மூன்றாவதாக இருந்தவர் இருபத்தோராவது ஆகிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மண்டிக்காரருக்குப் போன் செய்து, செல்வியைப் பழையபடி மூன்றாவதாகவே வைக்கச் சொன்னேன். "லிஸ்ட்டை மாத்தினா மத்தவங்க சண்டைக்கு வருவாங்கம்மா" என்றார்.

"வந்தா எங்கிட்ட அனுப்புங்க. தப்பு என்னுது" என்றேன். அந்த வயதில் வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை. மனுஷர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

செல்வி உட்கார்ந்திருக்கும்போதே, 'உங்கள் பெயர் பதிந்துவிட்டது' என்று ஒரு பச்சைப் பட்டை சேர்த்தேன். மூன்று நொடியில் மறையும். ஒரு பொய்ப் பெயரைப் போட்டு அவரையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

"களத்துல நெல்லைக் குவிச்சா சாணிப்பால்ல குறி வெக்கிறோம். நாங்களா வந்து கலைக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கணும். இது இன்னாங்க, கண்ணு சிமிட்டுறதுக்குள்ள ஓடுது?"

அன்றைக்கே 'சரி' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அவர்களாக அழுத்தினால்தான் பட்டை போகும். அதற்குப் பிறகு ஒருவர்கூட இரண்டு முறை பதிந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மறுநாள் செல்வியின் மூட்டைகள் மண்டிக்குள் போன பிறகுதான் மழை கொட்டியது.

அந்த மண்டி இப்போது இல்லை, தளமும் இல்லை, எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இன்றைக்குப் போனில் வருகிற செய்திகளை எழுதுகிறவர்கள் எந்த ஊரிலோ இருக்கிறார்கள். கோபம் வந்தால் நாலு வார்த்தை கேட்க, செல்விக்கு ஏறிப் போகப் படி இல்லை.