வடக்கு வீட்டு ஆச்சியும் அக்காவின் கடதாசிப் பூக்களும்

இறந்தவர் நினைவாக நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு என்ற சிறு புத்தகத்தை, ஒரு கலியாண வீட்டு மணவறையில் தொங்கவிட்ட பெருமை எனக்கு உண்டு. வேண்டுமென்று செய்யவில்லை, உதவி செய்யப்போய் நடந்தது. அக்கா காலமான முப்பத்தோராம் நாளில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த மலரை அவருடைய பிறப்பு வளர்ப்பில் தொடங்குவதே முறை. ஆனால் இந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லாவிட்டால் பிறகு சொல்லத் துணிவு வராது என்பது எனக்குத் தெரியும்.

அக்கா சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டம் செய்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான். அம்மா தோட்டத்தில் நின்ற நேரமெல்லாம் என்னை இடுப்பில் வைத்திருந்தவர் அக்காதான். இறங்கி நடக்க நான் ஒருபோதும் அவசரப்படவில்லை என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். என்னைவிடக் கெட்டிக்காரரான அவரை எட்டாம் வகுப்போடு மறித்தார்கள். மறிக்கப்படாத நான் படித்துக் கந்தோரில் எழுதுவினைஞன் ஆனேன்.

அக்கா சுன்னாகத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் அங்கே புகையிரத நிலையத்தில் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். எண்பத்து நான்காம் ஆண்டில் ஒரு காலை நெஞ்சு நோகுது என்றார், மத்தியானம் இல்லை. ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அழுத காலத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. நானும் பார்க்கத் தெரிந்தவன் அல்லன்.

குருநகரிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருபவர் மரியம்மா. தங்கள் கோயில் திருநாளுக்குக் கடதாசிப் பூச் செய்பவர். ஒருநாள் கடகத்தை இறக்கி வைத்து, கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு, அக்காவுக்குச் செய்து காட்டினார். கடதாசியை வட்டமாக வெட்டி, அந்த வட்டத்தை நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி நடுவரைக்கும் வெட்ட வேண்டும். வெளிநுனியை ஈர்க்கில் பிடித்து உருட்டிக்கொண்டே வந்தால் இறுக்கமான சுருள் ஒன்று வரும். அதைக் கொஞ்சம் தளரவிட்டு, கடைசியில் மிஞ்சும் நடுவட்டத்தில் பசை தடவி இருத்தினால் ரோசாப்பூ. கேட்க இலகு. நான் செய்தது கறிக்கு நறுக்கும் முட்டைக்கோவா போல வந்தது. “விடுங்கோ தம்பி, கோயிலுக்குக் கோவா தேவையில்லை” என்றார் மரியம்மா.

பாடசாலைப் பரிசளிப்பு, வாசிகசாலை ஆண்டு விழா என்று அக்காவின் பூக்கள் போகத் தொடங்கின. வெளிநாடு போகிறவர்கள் நெருப்புப் பெட்டிக்குள் ஒன்றை வைத்துக் கொண்டு போனார்கள். ஆனால் கலியாண வீடுகள் கேட்கவில்லை. காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தாலி கழற்றிய கை செய்ததை மணவறையில் கட்டுவது எப்படி? அழகான பூவென்றால் கலியாண வீட்டில்தானே இருக்க வேண்டும் என்று அக்கா ஒரேயொரு தரம் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஈர்க்கைச் சீவப் போய்விட்டார்.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையால் பாதை மூடப்பட்டு, கொழும்பிலிருந்து சாமான் வருவது நின்றது. வண்ணக் கடதாசி கண்ணால் காணக் கிடையாது. சோதனைத் தாள், பழைய பத்திரிகை, நாட்காட்டி எதையும் அக்கா விடவில்லை. கடதாசி என்றாலே ஒரு பக்கத்தில் ஏதோ எழுத்து இருந்த காலம் அது. வெறும் பக்கத்துக்குப் பீற்றூட் சாறு பூசி, எழுத்துப் பக்கம் கீழே போகுமாறு உருட்டுவார். பசை, மரவள்ளி மாவில் காய்ச்சியது.

அந்த நாட்களில்தான் நாலு வீடு தள்ளியிருந்த தவமணி அம்மையார் தம் மகளின் கலியாணத்துக்குப் பூக் கேட்டார். கலியாணம் இங்கே அவர்கள் வீட்டிலேயே. வாசலில் நின்றபடி, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்கள் இஞ்சை இருந்து செய்து தாங்கோ அக்கா. கட்டுறதை எங்கடை ஆக்கள் கட்டட்டும்.” அதன் பொருள் அக்காவுக்கு விளங்கியது. ஆனாலும் ஓம் என்றார். அன்று பின்னேரம் அவர் பாட்டொன்றை முணுமுணுத்ததை, அத்தான் போன பிறகு, முதல் தடவையாகக் கேட்டேன்.

பூவுக்கு நல்ல தடித்த கடதாசி வேண்டும் என்றார் அக்கா. இங்கேதான் நான் வருகிறேன். ஊரில் எவர் காலமானாலும் கல்வெட்டு எழுதிக் கொடுப்பவன் நான். அதற்கு முந்திய மாதம் வடக்கு வீட்டு ஆச்சி காலமானபோது, அவர்கள் கேட்டதைவிட இரண்டு மடங்கு அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். என் தமிழுக்குத் தேவை இருக்கும் என்ற நம்பிக்கை. மிஞ்சியவை என் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. அருமையான ரோசா நிற மேல்மட்டை; வெளிப்பக்கத்தில் மலர்வு, உதிர்வு என்று ஆச்சி பிறந்த நாளும் இறந்த நாளும், உட்பக்கம் வெறுமை. மட்டைகளைக் கிழித்து, வட்டம் வட்டமாக வெட்டியும் கொடுத்தேன். அக்காவின் கண்ணாடி உடைந்து, மாற்ற வழியில்லாதிருந்த நேரம்.

“உதென்னடா கடதாசி, இவ்வளவு நல்லாக் கிடக்கு?”

“அச்சுக்கூடத்துக் கழிவு அக்கா.”

கலியாணத்துக்கு முதல்நாட் காலை பூக்களைக் கடகத்தில் அடுக்கிச் சைக்கிளில் கொண்டு போனேன். போகும் வழியில் தூறல். மூடிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மணவறையில் பாதிக்கு மேல் கட்டி முடித்த நேரம், தவமணி அம்மையாரின் மச்சாள் கையில் பிடித்திருந்த பூ ஒன்று பசை விட்டு, முழம் நீளத்துக்கு நாடாவாக விரிந்து தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக.

“உதென்ன, பூவுக்குள்ளை எழுத்து?” மச்சாள் நாடாவைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். “மலர்வு... பொறு... உதிர்வு! தவமணி, இது கல்வெட்டெல்லோ! கலியாண வீட்டிலை கல்வெட்டைக் கட்டியிருக்கிறியள்!”

கடகத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

“ஆற்றை கல்வெட்டு?” என்று கேட்டார் அக்கா.

“வடக்கு வீட்டு ஆச்சியின்ரை.”

“கழிவெண்டெல்லே சொன்னனி?”

“மிச்சந்தானே அக்கா.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க என் தமிழ் போதாது. வேறு சேலை உடுத்து நடந்தார். பின்னால் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். கலியாண வீட்டுப் படலையைத் தாண்டாமல் வெளியே நின்று சொன்னார்:

“தவமணி, கடதாசியைப் பாராமல் எடுத்தது என்ரை பிழை. எல்லாத்தையும் கழட்டித் தாங்கோ. பொழுதுபடுறதுக்கிடையிலை வேறை செய்து தாறன்.”

“நான் அப்பவே சொன்னனான்” என்று தொடங்கினார் மச்சாள். “அந்தக் கையாலை...”

“பொறுங்கோ மச்சாள்.” தவமணி அம்மையார் படலைக்கு வந்தார். “ஆற்றை கல்வெட்டு அக்கா?”

“வடக்கு வீட்டு ஆச்சியின்ரை.”

தவமணி அம்மையார் மச்சாள் பக்கம் திரும்பினார். “அவ புருசனுக்கு முந்திப் போனவவெல்லே? பூவும் பொட்டுமாய், பேரப்பிள்ளையும் பூட்டப்பிள்ளையும் கண்டு போன மனுசி. அவவின்ரை சேலையிலை ஒரு துண்டு கிடைக்காதோ எண்டு நிண்ட சனம் நாங்கள். மச்சாள், நீங்களும் கேட்டனீங்கள்.”

மச்சாளும் கேட்டவர்தான். எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது: செத்துப்போன சுமங்கலியின் கடதாசி மணவறையில் இருக்கலாம், அதைப் பூவாக்கியவர் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். கடதாசி கொடுத்தவன் நான் என்பதையும் இதையும் நான் சொல்லவில்லை. ஆனால் தவமணி அம்மையார் அங்கேயே நின்றார். முற்றத்தில் தொங்கிய நாடாக்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவின் கைகளைப் பார்த்தார்.

“விரிஞ்சதுகளை ஆர் சுருட்டுறது? எங்களிலை ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளுக்கு வாங்கோ அக்கா.”

அக்கா உடனே அசையவில்லை. “நான் மணவறைக்குக் கிட்ட...”

“வாங்கோ எண்டுறன்.”

மணவறைக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள். அக்கா பின்னேரம்வரை இருந்து ஒவ்வொன்றையும் மீண்டும் உருட்டி ஒட்டித் தம் கையாலேயே கட்டினார். மச்சாள் பசைச் சிரட்டையை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

அதன் பிறகு இந்தப் பக்கத்தில் அக்காவைக் கூப்பிடாத கலியாண வீடு குறைவு. பூ வாங்க வந்தவர்கள் உள்ளே வந்து கட்டித் தரும்படியும் கேட்டார்கள். அந்தக் கைகள்தான் மகளை ஆசிரியை ஆக்கின. மகனைப் படிப்பித்துக் கடல் கடத்தின. சென்ற வருடம் நீரிழிவு முற்றி விரல் நுனிகள் மரத்தபோது, “இனிக் காணும்” என்று ஈர்க்குகளைக் கட்டி ஒதுக்கி வைத்தார். முறைப்பாடு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மகளின் மடியில் அமைதியாகக் கண்மூடினார்.

மருந்துத் தட்டுப்பாட்டிலும் முகம் சுளிக்காமல் பார்த்த வைத்தியர்களும் தாதியரும், பந்தல் போட்டு எங்களுக்குச் சோறும் சமைத்துத் தந்த அயலவரும், குருநகரிலிருந்து பூக்கொத்தோடு நடந்தே வந்த மரியம்மாவும், கடல் தாண்டிக் கடிதம் எழுதிய உறவினரும், இந்த மலருக்கு எங்கிருந்தோ கடதாசி தேடித் தந்த அச்சக நண்பரும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சில் என்றும் இருப்பார்கள். இம்முறை அளவாகத்தான் அச்சடித்திருக்கிறோம்.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று தவமணி அம்மையார் வந்திருந்தார். அந்தக் கடதாசியைக் கொடுத்தவன் நான், பிழை அக்காவுடையது அல்ல என்று ஒருவாறு அவரிடம் சொல்லி முடித்தேன்.

“அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும் தம்பி” என்றார் அவர். “உம்மைக் கேப்பமெண்டுதான் இருந்தனாங்கள். உம்மடை அக்காதான் மறிச்சவ. ‘அவனை ஒண்டும் கேட்டுப்போடாதை தவமணி, பிறகு அழுதுபோடுவான்’ எண்டு.”