கியரக்காவின் பச்சைக் கயிறு

காரைப் பற்றி வாய் திறந்தால் எல்லாருக்கும் எஞ்சின் பேச்சுதான். என்ன இழுவை, என்ன சத்தம், என்ன வேகம்! அந்த இழுவையை வாங்கிப் பக்குவமாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கியர்பாக்ஸை மதித்து ஒரு வார்த்தை கேட்பவர் கிடையாது. கெட்டுப்போனால் மட்டும் அதன் ஞாபகம் வரும், வரும்போதே வசவோடு வரும். கியரக்காவின் பிழைப்பும் அப்படித்தான் இருந்தது. சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவின் கார் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூடப் பிறந்த தம்பிக்கு அக்கா, மற்ற எல்லாருக்கும் கியரக்கா. அவளுக்குத் தாவணி வயதாக இருந்தபோதே அப்பா வேலையைப் பாகம் பிரித்துவிட்டார்: எஞ்சின் பையனுக்கு, கியர்பாக்ஸ் பெண்ணுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, சின்னச் சின்னச் சாமான், பெண்பிள்ளைக்கு அதுதான் தோது என்பது அவர் நியாயம். கியர்பாக்ஸ் என்னவோ பஞ்சு மூட்டை என்ற நினைப்பு. கல்யாணமாகி, பஸ் ஓட்டுகிற புருஷனோடு அடுத்த தெருவுக்குக் குடிபோன பிறகும் காலையில் டிபன் டப்பாவோடு அந்த பெஞ்சுக்கு வந்துவிடுவாள். வாசல் பலகையில் அப்பா பேரும் தம்பி பேரும் மட்டும்தான். பலகைக்கு வண்ணம் பூசும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே தட்டிக் கழித்தார்கள்.

ஆனால் ஊரிலுள்ள மற்ற பட்டறைக்காரர்கள், தங்களுக்குப் பிடிபடாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு தேடி வந்தது அவளைத்தான். கியரக்கா கை வைத்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதில்லை என்று ஒரு பேர். அவள் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

பல் டாக்டரின் கார் வந்தபோது அந்தப் பேருக்கும் ஆபத்து வந்தது. டாக்டரின் மாமனார் ஆசையாக வைத்திருந்த பழைய சொகுசுக் கார் அது. நீளமான மூக்கு, மரப்பலகை பதித்த டாஷ்போர்டு, சோபா போன்ற தோல் சீட்டுகள். எஞ்சின் சூடேறி வெடிப்பு விட்டிருந்தது. எங்கோ மோதி நொறுங்கிக் கிடந்த, அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து அதைவிடப் பெரிய எஞ்சினைத் தம்பி கழற்றிக்கொண்டு வந்தான். எஞ்சினை மட்டும் கொண்டு வந்தான். பழைய கியர்பாக்ஸின் போல்ட் துவாரங்கள் புது எஞ்சினுக்கு அச்சாகப் பொருந்துகின்றன, அதையே மாட்டிவிடலாம் என்று பெருமை வேறு.

கியரக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. துவாரம் பொருந்தினால் ஜோடி பொருந்திவிடுமா? பழைய கியர்பாக்ஸ் சின்ன எஞ்சினின் இழுவைக்குச் செய்தது. பெரியது உதைக்கிற உதையில் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகிப்போகும். போதாததற்கு, புது எஞ்சினின் கம்ப்யூட்டர் தன்னோடு பிறந்த கியர்பாக்ஸோடுதான் பேசும். இதையெல்லாம் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் அவளே போய், சேற்றில் மல்லாந்து படுத்து, அந்த நொறுங்கிய காரின் கியர்பாக்ஸையும் அதன் கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டு வந்தாள். பிரித்துக் கழுவி, தட்டுகளையும் சீல்களையும் மாற்றி, புதுசாக்கி நிறுத்தினாள்.

எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. எண்ணெய் நிறைந்த உருண்டை. பட்டறையில் அதற்குப் பானை என்று பேர். அதைக் கியர்பாக்ஸின் வாயில் வைத்து, கையால் மெல்லத் திருப்பித் திருப்பி உள்ளே விட வேண்டும். டக், டக் என்று படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் உள்ளிருக்கும் ஆயில் பம்ப்பைப் போய்க் கவ்வும். கவ்வாமல் எஞ்சினோடு சேர்த்து முடுக்கினால் பம்ப் நொறுங்கும். இந்தத் தொழிலில் இதைவிட அசட்டுத் தப்பு கிடையாது. அதனால் கியரக்கா பானையை உட்கார வைத்ததும், நழுவாதபடி குறுக்கே ஒரு பச்சைக் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவாள். வருஷக்கணக்காக அதே கயிறு. எஞ்சினோடு சேர்க்கும் கடைசி நிமிஷத்தில், வண்டிக்கு அடியில் படுத்து அவள் கையால் அவிழ்த்தால்தான் உண்டு. பட்டறையில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

அன்று கயிற்றைக் கட்டிவிட்டு, கண் ஆபரேஷன் முடிந்திருந்த அப்பாவைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மகன் கூட்டிப்போக மாட்டானா என்று கேட்காதீர்கள். மகனுக்கு வேலை இருந்தது.

மறுநாள் காலை அப்பாவோடு பட்டறைக்குள் நுழையும்போதே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டரும் அவர் மனைவியும் பூரித்துப்போய் நின்றார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தம்பி மாப்பிள்ளைக் களையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கியர் லீவரை இழுத்தான். கார் அசையவில்லை. அடியில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் சிவப்பு ஆயில் தரையெல்லாம் ஓடியது.

தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல டாக்டர். கியர்பாக்ஸ்தான். அக்கா சரியா மாட்டல போல" என்றான், ஏதோ வானிலை சொல்வது மாதிரி.

டயர் கடைக்காரர் உச்சுக்கொட்டினார். மத்தியானத்துக்குள் இந்தச் சேதி எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். அப்புறம் எந்தத் தள்ளுவண்டி அவள் பெஞ்சுக்கு வரும்?

"என் கயிறு எங்கடா?" என்று கேட்டாள் கியரக்கா.

அவளே குனிந்து தேடினாள். ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது, இரண்டு துண்டாக. அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் வெட்டியிருக்கிறான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கியர்பாக்ஸை ஜாக்கியில் முன்பக்கம் சாய்த்து ஏற்றியிருக்கிறான், பானை நழுவி வெளியே வந்திருக்கிறது. எஞ்சினோடு ஒட்டாமல் ஒரு விரல்கடை இடைவெளி நின்றதும், ஏன் என்று பார்க்காமல் ஏர் கன்னை வைத்து போல்ட்டை முடுக்கியே இழுத்திருக்கிறான்.

அப்பாவுக்கும் விளங்கிவிட்டது. ஒரு கண்ணில் கட்டோடு அவளைப் பெஞ்சுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

"விடும்மா. வந்தவங்க முன்னாடி தம்பியை விட்டுக்கொடுக்கலாமா? உன் மேல தப்புன்னே இருந்துட்டுப் போகட்டும். அவன் பேரு பலகையில இருக்கு. அது கெட்டா கடையே கெட்டுடும்."

அவளுக்கோ செய்தவனைவிடச் சொன்னவர் மேல்தான் கோபம் வந்தது. பானையை எப்படி உட்கார வைப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மனிதர்தான்.

"பலகையில என் பேரு இல்லப்பா" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "பழியில மட்டும் எதுக்கு என் பேரு?"

டாக்டர் தம்பதிக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். டயர் கடைக்காரரையும் போக விடவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே கியர்பாக்ஸை இறக்கி, பம்ப்பை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். அது உடைந்த பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தது. பக்கத்தில் கயிற்றின் இரண்டு துண்டுகளையும் வைத்தாள்.

"சொல்லுடா. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். யாரும் காப்பாற்ற வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவன் வாயில் வார்த்தை வந்தது. "நான்தான் கயித்தை வெட்டினேன் டாக்டர். அக்கா வர்ற வரைக்கும் இருந்திருக்கணும்" என்று மென்று முழுங்கினான். டயர் கடைக்காரர் இதற்கும் உச்சுக்கொட்டினார். இந்தச் சேதியும் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

வேறு பம்ப் தேடிப் போட்டதும், பானையை உள்ளே விடும் வேலையை அவள் தம்பியிடம் கொடுத்தாள். கடைசி டக் கேட்கும் வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. கயிற்றை முடிச்சுப்போட்டு ஒன்றாக்கி அவளே கட்டினாள், வண்டிக்கு அடியில் அவளே அவிழ்த்தாள்.

டாக்டர் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேராகப் போய்த் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, எஞ்சின் பிரமாதம் என்றார், கியர் மாறுவதே தெரியவில்லை என்றார். தம்பியும் பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டான். பட்ட பிறகும் புத்தி வந்ததா பாருங்கள்.

"டாக்டர்" என்று பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள் கியரக்கா. "கடைசியா சொன்னதை இங்க வந்து சொல்லுங்க."

அவர் ஒரு நொடி குழம்பினார். பிறகு தம்பியின் கையை விட்டுவிட்டு, அப்பாவின் நாற்காலியைத் தாண்டி, பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார்.

"கியர் மாறுறதே தெரியலம்மா."

"அது தெரியக்கூடாது டாக்டர்" என்றாள் அவள். "செஞ்சது யாருன்னு தெரியணும்."