கிடாவிருந்தில் நடந்த கம்பெனிக் கூட்டம்

அப்புசாமியை எனக்குப் பிடிக்காது. அவருடைய வண்டி செட்டுக்கு எதிரே டயர்க் கடை வைத்திருந்தவன் நான். நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சௌந்திரம் அவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி அர்த்தநாரியும் அப்புசாமியும் மச்சான் சின்னண்ணனும் சேர்ந்து திருச்செங்கோட்டில் போர்வெல் கம்பெனி நடத்தினார்கள். துளை போடும் ரிக் வண்டிகள் இரண்டும் ஆந்திரா வரைக்கும் போய்ப் போர் போட்டன. எழுபத்தெட்டில் அர்த்தநாரி லாரி விபத்தில் செத்தான். அவன் பங்கு சௌந்திரத்துக்கு வந்தது. காகிதத்தில்தான் வந்தது.

கம்பெனி முடிவுகளை எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கருப்பனார் கோயிலில் கிடா வெட்டி, பந்தியில் உட்கார்ந்துதான் எடுப்பார்கள். அந்தக் கறியைப் பெண்கள் தொடக்கூடாது, கோயில் எல்லைக்குள் கால் வைக்கவும் கூடாது. சாமிக்கு ஆகாதாம். ரிக் கம்பெனி நிர்வாகத்தில் சாமிக்கு என்ன அக்கறை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சௌந்திரம் கேட்டாள்.

"கும்புடறதக் கோயில்ல கும்புடுங்க மாமா. கூட்டத்த நம்ம செட்டுல வெச்சுக்கலாமுங்க. சடையண்ணனையும் பங்குல சேக்கோணும். அவரு போனா ஆளெல்லாம் போயிரும்."

சடையன் மேட்டூர்ப் பக்கத்துக்காரர், வேறு சாதி. இரண்டு வண்டிகளையும் கட்டி மேய்த்தவர் அவர்தான். டிரில்லரிலிருந்து சமையல்காரன் வரை அத்தனை பேரும் அவர் கூட்டி வந்த ஊர்க்காரர்கள். வேறொரு கம்பெனி அவரை அப்போதே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணனாமா அண்ணன்!" என்றார் அப்புசாமி. "ஊட்டுச் சோலியப் பாரு அம்மிணி."

அந்த வருஷக் கிடாவிருந்தில், அப்புசாமியின் மருமகன் கண்ணுசாமி மேனேஜர், சடையன் அவன் சொன்னபடி நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்ததைத் தவிர கண்ணுசாமிக்கும் அந்தத் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த முடிவைச் சடையனுக்குச் சொன்ன விதம் இன்னும் கேவலம். பந்தியில் சேர்க்காமல் தனியாக மரத்தடியில் அவருக்கு இலை போட்டு, கறி பரிமாறிக்கொண்டே சொன்னார்கள். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு அவர் எழுந்து போனார். அவர் பின்னால் ஆட்களும் போனார்கள்.

அந்தக் கோடையில் ஊரெல்லாம் போர் போட அலைமோதியது. கண்ணுசாமி பிடித்து வந்த புது ஆட்கள் அனந்தப்பூரில் ஒரு குழிக்குள், பாறை உடைக்கும் ரிக் சுத்தியலைச் சிக்கவைத்துவிட்டு, எடுக்கத் தெரியாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வண்டி ஆளில்லாமல் செட்டில் நின்றது.

அப்போதுதான் அப்புசாமிக்குத் தம்பி பெண்டாட்டி ஞாபகம் வந்தது. "நீ சொன்னா அவன் வருவான். கூப்புடு."

"பங்குதாரரா வரச் சொல்லுங்க, கூப்புடறேன். நானும் அவரும் கூட்டத்துல உங்களாட்டச் சேருல உக்காருவோமுங்க."

"கம்பெனிய மூடுனாலும் மூடுவேன், அது மட்டும் நடக்காது."

சொன்னபடியே மூடினார். சொத்தைப் பிரித்த அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். நஷ்டப்பட்ட வருத்தம் துளியும் இல்லை. நிம்மதியாக இருந்தார் மனுஷன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சௌந்திரம் தன் பங்குக்கு, செட்டில் நின்ற வண்டியைக் கேட்டு வாங்கினாள். சடையன் வந்தார். புதுக் கம்பெனி, ஆளுக்குப் பாதி என்று பேச்சு. உறவுக்காரர்கள் அவளைப் பேசாத பேச்சில்லை. அப்புசாமி வீட்டு விசேஷம் எதற்கும் அதற்கப்புறம் அவளுக்கு அழைப்பு இல்லை.

பத்திரம் எழுத என் கடையில் உட்கார்ந்தபோது அவள் சடையனிடம் சொன்னாள்: "உங்க சம்சாரம் ராஜம்மாள் பேரையும் பங்குல சேருங்க. நாளைக்கு உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அதும் என்னையாட்ட வெளிய நிக்கக்கூடாது."

சடையன் சிரித்தார். "அது பொம்பள, அதுக்கு என்னங்க தெரியும்? கூட்டத்துக்கு வேணும்னா என் தம்பி வருவானுங்க."

சௌந்திரத்தின் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை.

"இதையே எங்க மாமா வாயில கேட்டுட்டுத்தான் வந்திருக்கறேன். உங்க வாயிலயும் கேக்கறதுக்குப் பதிலா, வண்டி நின்ன எடத்துலயே துருப்புடிச்சுக் கெடக்கட்டும்."

ராஜம்மாள் மேட்டூரிலிருந்து பஸ் ஏறி வந்து கைநாட்டு வைக்கும்வரை வண்டிச் சாவியைச் சௌந்திரம் கொடுக்கவில்லை.