லஷீன் கால்வாயில் மோட்டார் நின்றபோது

மாமா படகுச் சவாரிக்கு ரிக்கெற் எடுத்து வந்த அன்று அம்மா மாட்டேன் என்றுதான் சொன்னாள். அம்மாவின் தம்பியான அவர் லேசில் விடுகிற ஆளில்லை. “அக்கா, இது வாய்க்கால். விழுந்தாலும் எழும்பி நிண்டு கட்லட் சாப்பிடலாம்” என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தாள்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. கரையிலிருந்த பலகைகளையெல்லாம் உரத்து வாசித்து, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். “கப்டன் அம்மா, எங்களையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ” என்று மாமா கும்பிட்டார்.

ஓரிடத்தில் கால்வாய் ஒரு படி இறங்குகிறது. முன்னும் பின்னும் பெரிய கதவுகளை அடைத்து, நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை வடிய விடுவார்கள். அதையும் நான்தான் விளக்கினேன். கதவுகள் மூடின. மோட்டார் நின்றது. படகு இறங்குவதாகவே தெரியவில்லை. இரு பக்கத்துச் சுவர்களும் பாசி வடிய மேலே மேலே வளர்ந்தன. நல்ல வெயில் நாள். கீழே குளிர்ந்தது.

தம்பி சிணுங்கத் தொடங்கினான். அந்தச் சத்தம் சட்டென்று அறுந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவேயில்லை. சுவருக்கு மேலே எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கால்கள் உதைத்தன. முகம் கறுத்து வந்தது.

“ஸ்ஸ்... அவங்களுக்குக் கேட்டிடும்.”

அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “இஞ்சாரும், விடும். இது மன்னார்க் கடலில்லை. நேவி இல்லை. மொன்றியல்.”

தம்பி வீரிட்டான். முன்னால் இருந்த வெள்ளைக்காரி, பிள்ளைக்குப் பசி போல என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். அதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா படகைச் சுற்றிப் பார்த்தாள். “மற்றவள் எங்கை?”

அப்பா என்னை முன்னால் தள்ளினார். “இந்தா நிக்கிறாள்.”

அம்மா என் கன்னத்தைத் தடவினாள். கண்ணையும் மூக்கையும் உற்றுப் பார்த்தாள். “இவளில்லை” என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதும், இந்தியாவுக்குத் தப்பிய படகில் நேவிக்குப் பயந்து மோட்டாரை நிறுத்தியபோது அவள் அழுதாள் என்பதும் நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா என்னைத் தன் பிள்ளை இல்லை என்கிறாள் என்பதுதான். கோபத்தில், லாசாலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை.

அம்மா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“நல்ல பிள்ளை” என்றாள். “சத்தமே போடேல்லை.”