புகைக்கூண்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை சமையலறைச் சிம்னிக்குப் பெயிண்ட் அடித்தார். கடலை ஒட்டி டோல்கேட்டில் இருக்கும் மகள் வீட்டில்தான் இப்போது என் ஜாகை. கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தத் தகரச் சிம்னி, வாங்கிய நாலாம் வருஷமே ஓரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைத்தது? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றாள் மகள். அவர் கேட்கவில்லை. உப்புத்தாளும் டப்பாவுமாக ஸ்டூலில் ஏறிவிட்டார். டர்பன்டைன் வாசனை வந்ததுதான் தாமதம், என் கண்ணில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. "அம்மாவுக்கு நெடி ஒத்துக்கல" என்று என்னைக் கூட்டிவந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எண்பது வயதைத் தாண்டினால் இது ஒரு சௌகரியம். எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

உங்களிடம் சொல்லலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, என் அம்மா கண்ணம்மா ராயபுரத்தில் துறைமுகத்து ஆட்களுக்குச் சோறு போடும் கடை வைத்திருந்தாள். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் இரண்டு பெஞ்சு, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். அப்பா கப்பலுக்கு நிலக்கரிக் கூடை சுமந்தவர். ஏறுபலகையில் கால் தவறி விழுந்து அவர் செத்துப்போனபோது எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் ஞாபகம் இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பெரிய மீசை வைத்திருப்பார் என்பேன். அம்மா ஒரு நாள் காதில் வாங்கிவிட்டு, "அதுக்கு ஏதுடி மீசை?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் நான் மீசையை விடவில்லை.

அடுப்புப் புகை பக்கத்து வீட்டுக்குள் போகிறதென்று தினம் சண்டை. அதனால் அம்மா ஒரு தகரக்காரரைப் பிடித்து, பழைய பீப்பாய்த் தகரத்தில் அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூண்டு செய்து மாட்டினாள். கவிழ்த்த கூடை மாதிரி இருக்கும். உச்சியில் ஒரு குழாய், கூரை ஓட்டுக்கு மேலே வெளியே போகும். புகைச் சண்டை ஓய்ந்தது, துருச் சண்டை வந்தது. கூண்டிலிருந்து துரு உதிர்ந்து குழம்பில் விழ ஆரம்பித்தது. மீன் குழம்பில் துருவைக் கண்டால் துறைமுகத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடையே ரெண்டுபடும்.

மாணிக்கம் மட்டும் கத்தவில்லை. கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டிய பலகையில் தொங்கியபடி பெயிண்ட் அடிக்கிறவர் அவர். நகக்கண்ணெல்லாம் எப்போதும் சிவப்பு. சோற்றில் கிடந்த துருவை விரலால் எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, எட்டி அடுப்படியைப் பார்த்தார்.

"இந்தாம்மா, தகரம் அரிச்சுகினு கீது. ஞாயித்துக்கெழம அடுப்பு மூட்டாத. நான் வந்து சொரண்டி பெயிண்ட் அடிச்சித் தர்றேன்."

சொன்னபடியே வந்தார். முதலில் சிவப்பு ஒரு பூச்சு, காய்ந்ததும் கறுப்பு. மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது என்றார். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மறுநாளே மூட்டிவிட்டாள். சோறு, குழம்பு, ரசம் எல்லாவற்றிலும் பெயிண்ட் நாற்றம். சாப்பிட வந்த மாணிக்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, "கப்பலயே கடிச்சித் துன்ற மாரி கீது" என்றார். அம்மா சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தது அவர்தான். நடுவிலும் வருவார். மிச்சமிருந்த கறுப்பைக் கொண்டு என் பள்ளிக்கூடத்துப் பலகைக்கு ஒரு தரம் பூசிக் கொடுத்தார். அந்தப் பலகையை யாரையும் நான் தொடவிட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. இதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நான் என்னமோ வெகுளி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டுவது புதிதல்ல. அம்மா இன்னொருவரைக் கட்டிக்கொண்டிருந்தால் யாரும் கல்லால் அடித்திருக்கமாட்டார்கள். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் என் வயதுப் பெண்கள் விடுவார்களா? "இன்னாடி, புது நைனா வூட்டாண்ட வந்துட்டாரா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் குடத்தில் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. முகமே தெரியாத அப்பாவுக்காக அன்றைக்கு அப்படி ஒரு ரோஷம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். அம்மா அவருக்கென்று வஞ்சிரம் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தாள்; கட்டுமரங்கள் கரை சேர மத்தியானமாகும். துருவைச் சுரண்டி, சிவப்பை அடித்து முடித்தவர், ஸ்டூலில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நான் இங்கியே வந்து இருந்துட்டா உனக்கு ஒண்ணும் இல்லியே?"

என்னிடம்தான் கேட்டார். பத்து வயதுப் பெண்ணிடம், பெரியவர்களிடம் கேட்பதுபோல.

"நீ வராத. எங்கம்மா உன்ன இனிமே வரவேணாம்னு சொல்லச் சொல்லிச்சு."

எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து அப்படியே விழுந்தது.

"அம்மாவா சொல்லிச்சு?"

"ஆமா."

அவர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், உண்மையைக்கூடச் சொல்லியிருப்பேன். அவர் வெளியே போய் உட்கார்ந்தார். சிவப்பு காயும்வரை அங்கேயே இருந்தார். பிறகு வந்து கறுப்பை அடித்தார். ஓரம், மூலை, குழாயின் கழுத்து என்று ஒன்று விடாமல் அடித்தார். பிரஷைத் துடைத்துச் சுருட்டிக்கொண்டு, "மூணு நாளு அடுப்பு மூட்ட வேணாம்னு அம்மாண்ட சொல்லு" என்றார். போய்விட்டார்.

அம்மா வந்து, பின்பக்கம் மூன்று கல்லைக் கூட்டி அந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தாள். தெருவைப் பார்ப்பதும் குழம்பைக் கிளறுவதுமாக இருந்தாள். அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் மூடிவைத்தாள். "எதுனா சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டாள். அடுப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, அவர் ரங்கூன் கப்பலில் ஏறிவிட்டதாகத் துறைமுகத்து ஆட்கள் சொன்னார்கள். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குச் சோறு போட்டாள்.

மறு வருஷத்திலிருந்து கூண்டுக்கு அவளே பெயிண்ட் அடித்தாள்.

பத்தொன்பது வயதில் தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்திருந்தேன். ஒரு நாள் அவள் ஸ்டூலில் ஏறி, கழுத்தை ஒடித்துக்கொண்டு கூண்டின் உள்பக்கம் அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கறுப்பு. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா இறங்கினாள். பிரஷிலிருந்து பெயிண்ட் அவள் கால்மேல் சொட்டியது.

"நீயா சொன்னே?"

"ஆமாம்மா."

பிரஷை டப்பாமேல் வைத்தாள்.

"அதுக்கு மொத நாளு நான்தான் அந்தாளாண்ட கேட்டேன். எம்பொண்ண உம்பொண்ணு மாரி பாத்துப்பியான்னு. அதுக்குப் பயந்துதான் சொல்லாம ஓடிட்டாருன்னு நெனச்சுகினு இருந்தேன். இத்தினி வருசமா அந்த மனுசன எப்பிடியெல்லாம் திட்டிட்டேன், தெரியுமா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? உன்னாலதான்னு நீ நெனச்சுக்குவியே."

அவ்வளவுதான் பேச்சு. "எழுந்திரு, தரை ஈரம். புள்ளத்தாச்சி இப்பிடிக் கீழ குந்தக்கூடாது" என்று என்னைத் தூக்கிவிட்டாள். பிறகு ஸ்டூலில் ஏறி, விட்ட இடத்திலிருந்து அடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை.

என் பிள்ளை நடக்க ஆரம்பிக்குமுன்னே அம்மா போய்விட்டாள். பிற்பாடு ஜப்பான் சண்டை வந்து, பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தும் கப்பலேறியும் வந்து சேர்ந்தபோது, நான் கண்டவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தேன். "மாணிக்கமா? எந்த மாணிக்கம்மா?" என்றார்கள். எந்த ஊர், யார் பிள்ளை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. பெயிண்ட் அடிக்கிறவர் என்றேன். பாவம் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ரங்கூனுக்குப் போகும் கப்பலும் இல்லை, கூடையில் கரி சுமக்கிறவர்களும் இல்லை. குழாயடியில் சிரித்த பெண்களில் ஒருத்தியும் மிச்சமில்லை. அந்தப் பொய்யால் அடிபட்டவர்களில் அம்மாவுக்காவது கடைசியில் உண்மை தெரிந்தது. மாணிக்கம் எந்த ஊரில் எப்போது கண்ணை மூடினாரோ, கண்ணம்மாதான் தன்னை வரவேண்டாம் என்றாள் என்று நினைத்துக்கொண்டே மூடியிருப்பார்.