நண்டுக்கால்

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனம். அக்காவின் கல்யாணத்தோடு அம்மா வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அக்காவின் கணவர் போதகர். தாய் தகப்பனைக் கனம்பண்ணாதவனின் ஜெபம் கடவுளிடம் போகாது என்று போன ஞாயிறு தொண்டை கிழியப் பிரசங்கித்தார். சபையே அழுதது. அம்மா மட்டும் அங்கே இல்லை. ஆராதனை முடிந்து போதகரோடு சாப்பிட வருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் சமைப்பது அம்மாதான்.

அன்றும் விருந்தாளிகள் முன்விறாந்தையில் உட்கார்ந்ததும் நான் கொட்டிலுக்குப் போனேன். புகையில் கண்ணைக் கசக்கியபடி அம்மா கேட்டார்:

"இண்டைக்கு என்ன பிரசங்கம் புள்ள?"

எரிச்சலோடு சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல பிரசங்கம். மருமகன் கத்திக் கத்திக் களைச்சிருப்பார். இந்தப் பெரிய நண்டுக்கால் ரெண்டையும் அவருக்குக் கொண்டுபோய் வை."

விருந்தாளிகளுக்கும் போட்டு அனுப்பிய பிறகு, அம்மாவுக்கென்று சட்டியில் குழம்பு மட்டும்தான் இருந்தது.