ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்ன அன்று எங்கள் வயலில் பாதிகூடச் சமன் ஆகியிருக்கவில்லை. தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலை எட்ட இன்னும் சில நாள் இருந்தது. வந்துவிட்டால் மண் ஈரமாகிவிடும். அப்புறம் லேசர் மிஷினை வயலில் இறக்க முடியாது.

நானும் தம்பியும் சேர்ந்துதான் விவசாயம் பார்க்கிறோம். அவன் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். நான் கணக்கு டீச்சர் வேலையை விட்டவள். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பது வயது. அந்த வருஷம் தம்பி ஒரு பழைய லேசர் லெவலர் வாங்கியிருந்தான். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகும், சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பக்கெட் அது. மேட்டு மண்ணைச் சுரண்டிப் பள்ளத்தில் கொட்டும். பக்கெட்டை ஏற்றி இறக்குவது டிராக்டரிலிருந்து இரண்டு கறுப்பு ஓஸ் வழியாகப் போகும் ஆயில். ஓஸ் நுனியில் இருக்கும் இரும்பு மூக்கை டிராக்டரின் பின்பக்கக் கப்ளரில் அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது பின்னால் இழுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஹைட்ராலிக் அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் நாற்றங்காலை உழ அதே டிராக்டரில் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்ட வேண்டியிருந்தது. தம்பி உரம் வாங்கப் போயிருந்தான். நான்தான் லெவலரைக் கழற்றினேன். பக்கெட்டின் பிளேடு மண்ணில் கிடக்க வேண்டாமே என்று அதைத் தூக்கி, அடியில் ஒரு தென்னங்கட்டையை உருட்டிவிட்டேன். கட்டைமேல் பக்கெட்டை இறக்கி உட்காரவைத்திருக்க வேண்டும். இறக்கவில்லை. கட்டைக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் நாலு விரல்கடை இடைவெளி இருந்தது. பக்கெட் அந்தரத்தில் அசையாமல் நின்றது. நிற்கிறதே, போதும் என்று இரண்டு ஓஸையும் பிடுங்கிவிட்டு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில் இருவரும் லெவலரை மாட்டப் போனோம். முதல் ஓஸ் சுலபமாக ஏறியது. இரண்டாவது ஏறவில்லை. தம்பி உடம்பு மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினான்.

"மாட்டேங்குதுக்கா."

"மண்ணு கிண்ணு ஒட்டியிருக்கான்னு பாரு."

துணியால் துடைத்தான். மறுபடி அழுத்தினான். சுத்தியல் காம்பால் தட்டினான். வெயிலில் கிடந்த ஓஸ் தொட முடியாதபடி சுட்டது. கல் மாதிரி விறைத்தும் இருந்தது. முதல் ஓஸ் அப்படி இல்லை. அதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

"உள்ள பிரஷர் நிக்குது," என்றான். "இந்த நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணினா இறங்கிடும். சைக்கிள் டியூப் மாதிரிதான்."

"மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யேன்."

"அவரு போனை எடுக்கிறதுக்குள்ள தண்ணியே வந்துடும்."

நான் மெக்கானிக்கின் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி இடது கையால் ஓஸைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்பேனரைப் போட்டான். கால் சுற்றுகூடத் திருப்பியிருக்க மாட்டான். 'ஸ்ஸ்' என்று குக்கர் விசில் கிளம்புவதுபோல ஒரு சத்தம். புகை மாதிரி ஆயில் தெறித்தது. அதே நொடியில் பக்கெட் கட்டைமேல் 'தடால்' என்று விழுந்தது. என் கால் அதற்கு ஒரு அடி தள்ளி இருந்தது.

தம்பி கையை உதறினான். பிறகு சிரித்தான். "பாத்தியா? இறங்கிடுச்சு."

நட்டை இறுக்கிவிட்டு மூக்கை அழுத்தினான். 'டக்'கென்று மாட்டியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். இடது ஆள்காட்டி விரலில், முதல் கணுவுக்குக் கீழே, சிவப்பாக ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

என் கையிலிருந்த போனில் "ஹலோ, ஹலோ" என்று மெக்கானிக் கத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கையில அடிச்சுதா?"

"லேசா. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்குங்க."

"அக்கா, வண்டிய அப்படியே போடுங்க. உடனே தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆயில் விரலுக்குள்ள போயிருக்கு."

"வலியே இல்லைங்கிறானே."

"இப்ப வலிக்காதுங்க. அதை நம்பித்தான் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு நாள் சும்மா இருந்தாரு. விரலை எடுத்துட்டாங்க. கட்டு மட்டும் போட்டு அனுப்புற எடத்துக்குப் போகாதீங்க. ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்ட போங்க. அவரைத் தண்ணிகூடக் குடிக்க விடாதீங்க."

நான் திரும்பிப் பார்த்தபோது தம்பி சீட்டில் ஏறி இன்ஜினைப் போட்டிருந்தான். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன்.

"அவரு எல்லாத்துக்கும் பயமுறுத்துவாரு. இன்னைக்குள்ள இந்த வயலை முடிச்சாகணும். சாயங்காலம் போவோம்."

நான் படியில் ஏறி இன்ஜினை அணைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. சாவியைக் கேட்டு இறங்கி வந்தான். கொடுக்க மாட்டேன் என்றேன். வாய்ப் பேச்சு முற்றியது. கடைசியில், "அந்த விரலை மடக்கிக் காட்டு, சாவியைத் தர்றேன்," என்றேன்.

மடக்கினான். பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து விரலோடு வைத்துப் பார்த்தான். புள்ளி விழுந்த விரல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து இடது கையை என் தோள்மேல் உயர்த்தி வைத்திருந்தான். வழியில் ஒரு கிளினிக்கைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி அடம்பிடித்தான். உள்ளே இருந்த இளம் டாக்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு டி.டி. ஊசியும் மாத்திரையும் எழுதினார்.

"சின்னக் காயம்தாம்மா. வீங்கினா வாங்க."

"இப்பவே வீங்கியிருக்குங்க. டிராக்டர் ஆயில் பிரஷர்ல உள்ள போயிருக்கு."

"மாத்திரைக்கு வத்திடும்."

அவரை நம்பிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. நம்பினால் வீட்டுக்குப் போகலாம். வயலையும் முடித்துவிடலாம். தம்பி என்னைப் பார்த்தான். "போதும்க்கா, வா." நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைத் தஞ்சாவூர்ப் பக்கம்தான் திருப்பினேன். அவன் கையை மறுபடி என் தோள்மேல் வைத்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. நெல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வெயிலில் நின்றோம். அப்போதுதான் அவன் என் காதருகே, "இப்ப வலிக்குதுக்கா," என்றான். திரும்பிப் பார்த்தேன். விரல் நுனி வெளுத்திருந்தது. அவன் உதடும்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். புள்ளியை ஒரு பார்வை பார்த்தார். மூன்றே கேள்விதான் கேட்டார். என்ன ஆயில், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டார்.

"பதினொன்னே காலுக்குங்க," என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும். விரல் போனாலும் போகலாம். இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பேனா வழுக்கியது. என் விரல்களிலும் ஆயில் இருந்தது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தம்பியின் மனைவிக்குப் போன் செய்தேன். எப்படி ஆச்சு அண்ணி என்று அவள் கேட்டாள். ஓஸில் பிரஷர் நின்றுவிட்டது, நட்டைத் திருப்பினான் என்றேன். பிரஷர் ஏன் நின்றது என்று சொல்லவில்லை. அது எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது. அத்தனை கனமான பக்கெட்டை ராத்திரி முழுக்க, காலை முழுக்கத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது அந்த ஓஸுக்குள் அடைபட்ட ஆயில். வெயில் ஏற ஏற அது இன்னும் இறுகியிருக்கிறது. வழி கிடைத்ததும் அவன் விரலுக்குள் புகுந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். தன் கையிலேயே கோடு இழுத்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நடுவிலிருந்து உள்ளங்கைப் பாதிவரை. "இதுவரைக்கும் ஆயில் இருந்தது. கழுவி எடுத்திருக்கோம். தைக்கலை, திறந்துதான் வெச்சிருக்கோம். நாளை மறுநாள் இன்னொரு தடவை கழுவணும். விரல் நிக்கும்னு நினைக்கிறேன். நாளைக்கு வந்திருந்தா நின்னிருக்காது."

விரல் நின்றது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்த மறுநாள், அவனுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"பக்கெட்டை இறக்காம ஓஸைக் கழட்டினது நான்தான்டா."

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "தெரிஞ்சேவா?"

"தெரியாது. ஆனா இறக்கணும்னு தோணுச்சு. அவசரத்துல விட்டுட்டேன்."

"அப்ப நான் ஸ்பேனர் எடுக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்தபிறகும் மூன்று வாரம் என்னிடம் நேராகப் பேசவில்லை. எது வேண்டுமானாலும் மனைவி மூலமாகத்தான் சொல்லி அனுப்பினான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பாதி சமன், பாதி மேடு பள்ளமாகவே குறுவை நட்டோம். பள்ளத்தில் பயிர் அழுகியது. மேட்டில் கோரை மண்டியது. ஆள் வைத்து இரண்டு முறை களையெடுத்தேன். ஒருநாள் காலை தம்பி வரப்பில் வந்து நின்றான். கட்டுப் பிரித்த கையை வெயிலுக்குத் துண்டால் மூடியிருந்தான். "அந்தக் கோடி மேட்டுல தண்ணி ஏறலை. மடையை இன்னும் கொஞ்சம் உசத்து," என்றான். உயர்த்தினேன்.

மெக்கானிக் ஒருநாள் வந்து லெவலரைச் சரிபார்த்தார். அன்று என்ன செய்திருக்கலாம் என்று தம்பி கேட்டான். "பக்கெட்டுக்கு அடியில ஜாக்கி கொடுத்துக் கனத்தைத் தூக்கியிருந்தா ஆயில் தானா தளர்ந்திருக்கும். நட்டுல கையே வெச்சிருக்க வேண்டாம்," என்றார் அவர். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வைகாசியில் லெவலரைக் கழற்றும் வேலை மறுபடி வந்தது. தம்பியின் ஆள்காட்டி விரல் இன்னும் முழுசாக மடங்காது. பக்கெட்டை ஏற்றி இறக்கும் லிவரை நான்தான் பிடித்தேன். பக்கெட்டை மண்ணில் முழுக்க உட்காரவைத்தேன். இன்ஜினை அணைத்தேன். ஓஸில் மிச்சமிருக்கும் பிரஷர் இறங்க லிவரை முன்னும் பின்னும் தள்ளினேன். தம்பி பின்னால், எட்டத்தில் நின்று ஓஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை," என்றான்.

தள்ளினேன்.

"இன்னொரு தடவை."

ஐந்தாறு தடவை ஆனது. அவன் கிட்டே வந்து கையுறை போட்ட கையால் ஓஸை அழுத்திப் பார்த்தான். அது துவண்டு கொடுத்தது. நான் சீட்டிலிருந்து இறங்கிப் போனேன். அவன் ஒன்றைக் கழற்றினான், நான் ஒன்றைக் கழற்றினேன். மூக்கில் மண் படாமல் இரண்டுக்கும் மூடி போட்டுவிட்டு ரோட்டவேட்டரை மாட்டப் போனோம்.